பழி பிறக்கும் நொடி

காரின் பானெட்டைத் திறந்தால், ஓட்டுநர் இருக்கைக்கு நேர் முன்பக்கம், பால் நிறத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் தொட்டி கண்ணில் படும். அதன் மூடியில் பொடி எழுத்தில் ஒரு கட்டளை இருக்கும். திறக்குமுன் மூடியைத் துடைக்க வேண்டும். சீல் உடையாத டப்பாவிலிருந்து இன்ன ரகப் பிரேக் ஆயிலை மட்டும் ஊற்ற வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின்படி இந்த எச்சரிக்கை அங்கே இருந்தே தீர வேண்டும். மற்ற நாடுகளின் கார்களிலும் பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4 என்ற குறிப்பாவது மூடியில் பொறித்திருக்கும். சர்வீஸில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு நீளும் பில்லில் இந்தத் திரவத்தின் பங்கு சில நூறு ரூபாய்தான்.

அந்தக் கட்டளையைப் படிக்காமல், கையில் கிடைத்த டப்பாவை எடுத்து ஒருவர் ஊற்றிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கார் பத்து வருடம் ஓடுகிறது. ஒரு கீறல்கூட விழாமல் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்கிறது. ஊற்றியவர் தவறு செய்தவரா? இல்லை என்றால், அதே கார் ஒரு மலைச்சரிவில் பிரேக் பிடிக்காமல் போயிருந்தால் மட்டும் அவர் எப்படிக் குற்றவாளி ஆவார்? இரண்டு கதையிலும் அவர் கை செய்தது ஒரே காரியம். பழி கையில் பிறக்கிறதா, விளைவில் பிறக்கிறதா என்ற இந்தக் கேள்வியைச் சமண முனிவர்களும் புத்தரின் சீடர்களும் இருபதாம் நூற்றாண்டின் தத்துவப் பேராசிரியர்களும் அவரவர் மொழியில் கேட்டிருக்கிறார்கள். பிரேக் ஆயில் அந்தக் கேள்விக்கு மிகக் கூர்மையான ஓர் உதாரணம். ஏன் என்று தெரிய, அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தொடக்க காலக் கார்களில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் இடையே கம்பியும் கேபிளும் இருந்தன. தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தட்டுப்படும். மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர் 1917-ல் திரவத்தால் இயங்கும் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921-ல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அந்தப் பிரேக்கோடு வந்தது. அழுத்தினாலும் சுருங்காது என்பது திரவத்தின் குணம். பாதத்தின் அழுத்தம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மெல்லிய குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் ஒரே நொடியில் போய்ச் சேர்ந்தது. மனிதர்கள் அபார வசதி ஒன்றைப் பெற்றார்கள். பிரேக்கின் பலவீனம் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்துக்குள் போய்விட்டதும் அன்றுதான்.

இன்று கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகைத் திரவங்கள். இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூடியின் துவாரம், ரப்பர் ஹோஸ் என்று எந்த நுண்ணிய வழி கிடைத்தாலும் நீர் உள்ளே போகும். நீர் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260. சுமார் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் இந்த மூன்றும் தாங்க வேண்டிய அளவு முறையே 140, 155, 180 டிகிரிதான். புதியதற்கும் பழையதற்கும் இடையே இத்தனை பெரிய பள்ளம் இருப்பதால்தான் பல தயாரிப்பாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். சென்னை போன்ற கடலோர ஊரின் புழுக்கத்தில் அந்தக் கெடுவைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அறப்பளீஸ்வரரைத் தரிசித்துவிட்டு, குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் கீழே இறங்கும் ஒரு காரை நினைத்துப் பார்க்கலாம். கியரைக் குறைக்காமல், ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் டிஸ்க்குகள் நூற்றுக்கணக்கான டிகிரிக்குச் சூடேறும். அந்தச் சூடு பேடைத் தாண்டி கேலிப்பருக்குள் இருக்கும் திரவத்தைத் தொடும். திரவம் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். பாதத்தின் பலமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோக, பெடல் தரைவரை இறங்கும். சக்கரம் நிற்காது.

இதற்கு அடுத்து நடப்பதுதான் அறம் பற்றி யோசிப்பவரை உலுக்க வேண்டியது. வண்டி ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடுகிறது. பெடல் பழையபடி கெட்டியாகிறது. மறுநாள் யாராவது மிதித்துப் பார்த்தால், "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். பழி ஓட்டுநர் மேல் விழும், இல்லையென்றால் விதியின் மேல் விழும். திரவத்தை எடுத்துக் கொதிநிலையைச் சோதித்தாலொழிய உண்மை வெளியே வராது. நிறத்தை வைத்தும் தீர்மானிக்க முடியாது. தெளிவாகத் தெரியும் திரவத்திலும் நீர் சேர்ந்திருக்கலாம். தன் தடயத்தைத் தானே அழித்துக்கொள்ளும் தவறு இது. விளைவைப் பார்த்துத்தான் தவறை அறிவோம் என்று காத்திருக்கும் எந்த நீதியும் இங்கே கண்ணிழந்து நிற்கும்.

சட்டம் பெரும்பாலும் அப்படித்தான் காத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவு, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக ஒரு செயலைச் செய்தால், காயம் ஏதும் நேராதபோது, மூன்று மாதம் வரை சிறை என்கிறது. அலட்சியத்தால் ஒருவர் இறந்துவிட்டால் 106-வது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை போகலாம். செயல் ஒன்றாகவே இருந்தாலும், வளைவில் எதிரே ஒருவர் வந்தாரா இல்லையா என்பது மூன்று மாதத்தை ஐந்து ஆண்டாக்கிவிடும். நடந்ததை மட்டுமே நிரூபிக்க முடியும் என்பதால் சட்டத்துக்கு வேறு வழியில்லை. மனசாட்சிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

இங்கிலாந்தின் கணித அறிஞர் வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட் 1877-ல் எழுதிய 'நம்பிக்கையின் அறம்' என்ற கட்டுரையை ஒரு கப்பல் முதலாளியோடு தொடங்குகிறார். கப்பல் பழையது. பழுது பார்க்க வேண்டும் என்ற சந்தேகம் அவருக்கு எழுகிறது. செலவை நினைக்கிறார். இத்தனை பயணம் போய்த் திரும்பிய கப்பல் இதையும் தாங்கும், கடவுள் காப்பார் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, குடியேறப் போகும் குடும்பங்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கிளிஃபர்ட் அங்கே நிற்கவில்லை. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் எள்ளளவும் குறையாது என்கிறார். நம்புவதற்கு அந்த மனிதருக்கு உரிமையே இல்லை. விசாரித்துப் பெற வேண்டிய நம்பிக்கையை அவர் சந்தேகத்தை நசுக்கிப் பெற்றார். 1870 டிசம்பரில் சூரிய கிரகணத்தைக் காணச் சென்ற குழுவில் இருந்த கிளிஃபர்ட், சிசிலிக் கரையோரம் கப்பல் உடைந்து உயிர் தப்பியவர். கடலுக்குப் போகும் கப்பலைப் பற்றி அவர் எழுதியதில் ஏட்டுக் கல்வியைத் தாண்டிய கனம் இருக்கிறது.

"எல்லா ஆயிலும் ஒண்ணுதான் சார், ரொம்ப நாளா இதைத்தான் ஊத்துறோம்" என்ற பேச்சு அந்த முதலாளியின் நம்பிக்கையோடு ஒட்டிப் பிறந்தது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது, ஆகாது என்பதற்குச் சான்றல்ல. டாட் 4 கேட்கும் காரில் டாட் 3 ஊற்றினால் இரண்டும் கலந்துகொள்ளும். ரப்பர் கெடாது, பெடல் மாறாது. தாங்கும் வெப்பம் மட்டும் சத்தமில்லாமல் குறைந்திருக்கும். சமதளத்தில் ஆபீஸ் போய்வரும் கார் அதை ஒருநாளும் காட்டிக் கொடுக்காமல் போகலாம்.

1976-ல் இரண்டு தத்துவ அறிஞர்கள் இதே முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்க்கப் பார்த்தார்கள். இருவருக்குமே உதாரணமாகக் கிடைத்தவர் ஒரு லாரி ஓட்டுநர். அமெரிக்கரான தாமஸ் நேகலின் ஓட்டுநர் கொஞ்ச நாளாகப் பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்டவர். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் அவர் வாழ்நாள் முழுக்கத் தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்வார். எந்தக் குழந்தையும் வராவிட்டால் அந்த அலட்சியம் அவர் நினைவிலேயே தங்காது. குழந்தை வருவதும் வராததும் அவர் கையில் இல்லை. அப்படியானால் நாம் ஒருவரைப் பழிப்பதில் பாதி, அவருடைய அதிர்ஷ்டத்தையே பழிப்பதாகிறது என்று நேகல் காட்டினார். அதை அவர் தீர்த்து வைக்கவில்லை. மனிதர்கள் பழி சுமத்தும் முறையிலேயே இந்த முரண் இருக்கிறது என்று திறந்தே விட்டார்.

இந்தியச் சமயங்கள் இந்த இடத்தில் இன்னும் துணிச்சலாக அடி வைத்தவை. சமண ஆசாரியர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வரையறுக்கும்போது உயிர் பிரிவதை மட்டும் சொல்லவில்லை. கவனமின்மையின் வழியாக உயிர் பிரிவது என்கிறது. குந்தகுந்தரின் பிரவசனசாரம் இன்னும் ஓரடி முன்னே போகிறது. உயிர் இறந்தாலும் பிழைத்தாலும் கவனமற்று நடப்பவருக்கு ஹிம்சை உறுதி. கவனத்தோடு நடந்தவர் காலடியில் ஓர் உயிர் மாண்டாலும் அவரை வினை பிணிக்காது. வந்தவாசி அருகே பொன்னூர் மலையில் இந்தக் குந்தகுந்தரின் திருவடிகளைத் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வணங்குகிறார்கள். நடக்கும்போது முன்னே நான்கு முழம் தரையைப் பார்த்து அடியெடுத்து வைக்க வேண்டும் என்பது சமணத் துறவியின் ஒழுக்க விதிகளில் ஒன்று. அதைக் கைக்கொள்பவருக்கு, பார்க்காமல் வைத்த காலடியில் எறும்பு இல்லாமல் போனது புண்ணியம் ஆகாது.

பௌத்தம் எதிர்ப்பக்கம் நின்று வாதிட்டதுபோல் தோன்றும். மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில் புத்தர், உடலின் செயலைவிட மனத்தின் செயலே கனமானது என்று நிகண்டர்கள் எனப்பட்ட சமணர்களின் சீடரோடு வாதிடுகிறார். பார்வையிழந்த தேரர் சக்குபாலர் மழைக்குப் பின் நடந்தபோது பூச்சிகள் மிதிபட்டு இறந்தன. அவர் பார்க்கவில்லை, கொல்லும் எண்ணமும் இல்லை, ஆகவே குற்றமில்லை என்று புத்தர் சொன்னதாகத் தம்மபத உரை கூறுகிறது. இதைப் படித்துவிட்டு, தவறான ஆயிலை ஊற்றியவருக்கும் கெட்ட எண்ணம் இல்லையே என்று வாதாடத் தோன்றலாம். சக்குபாலருக்குக் கண் தெரியாது. ஆயில் ஊற்றியவருக்கோ மூடியில் எழுத்தே இருந்தது. எண்ணத்துக்கு இத்தனை கனம் கொடுத்த புத்தர்தான், தம் இறுதி மொழியில் சீடர்களிடம் அயராத விழிப்பைக் கேட்டார். தம்மபதத்தின் இரண்டாம் வர்க்கம் முழுவதும் அந்த விழிப்பைப் பற்றியதே. திருவள்ளுவரும் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, மகிழ்ச்சியில் மயங்கி மறந்து இருப்பதை மிகுந்த கோபத்தைவிடத் தீயதாக வைத்தார். கோபத்துக்குத் தான் என்ன செய்கிறோம் என்பதாவது தெரியும்.

ஆகவே இந்தக் கட்டுரையின் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பழி மலைச்சரிவில் பிறப்பதில்லை. ஒர்க்‌ஷாப்பில், மூடியைப் படிக்காமல் டப்பாவைச் சாய்த்த நொடியில் பிறந்துவிடுகிறது. சரிவு அதை வெளியே கொண்டுவருகிறது, அல்லது கொண்டுவராமலே விடுகிறது.

இதை ஏற்றுக்கொண்டால் அறிந்துகொள்வதும் கடமை ஆகிறது. அந்தக் கடமை தோன்றுவதைவிடக் கடினமானது. இருப்பதிலேயே விலை கூடியதை ஊற்றிவிட்டால் பாவம் தீர்ந்தது என்று நினைக்க முடியாது. டாட் 5 சிலிக்கோன் திரவம். கொதிநிலை 260 டிகிரி, ஈரம் உறிஞ்சாது, பெயின்ட்டைக் கெடுக்காது. காகிதத்தில் பார்த்தால் எல்லாவற்றிலும் மேல். ஆனால் உள்ளே புகும் நீரை அது தன்னோடு கலந்துகொள்ளாததால் நீர் தனியாகத் தாழ்வான இடத்தில் தங்கி, அங்கே நூறு டிகிரியிலேயே கொதிக்கும். காற்றுக் குமிழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. ஏபிஎஸ் உள்ள கார்களுக்கு அது ஒத்துவராது. கிளைக்கால் திரவத்தோடு கலக்கவும் கூடாது. டாட் 5.1 என்ற பெயர் டாட் 5-க்குத் தம்பிபோல் ஒலித்தாலும் அது கிளைக்கால் இனம். பெயரை மேலோட்டமாகப் பார்த்து எடுப்பவர் இங்கே எளிதில் வழுக்குவார்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 1955-ல் வெளிவந்த பிரான்சின் சிட்ரோயன் டிஎஸ் காரில் சஸ்பென்ஷனும் பிரேக்கும் ஒரே திரவத்தால் இயங்கின. 1960-களில் அந்த நிறுவனம் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறியது. அந்த அமைப்பில் சாதாரணப் பிரேக் ஆயிலை ஊற்றினால் அதன் சீல்கள் பாழாகும். அதன் பச்சை எண்ணெயையோ எஞ்சின் ஆயிலையோ சாதாரணக் காரில் ஊற்றினால் இங்கே உள்ள ரப்பர் ஊதிப்போகும். நல்ல திரவம், கெட்ட திரவம் என்று பொதுவாக எதையும் சொல்ல முடியாது. எந்த ரப்பருக்கு, எந்தக் குழாய்க்கு, எந்த வால்வுக்கு அது ஊற்றப்படுகிறது என்று கேட்டால்தான் நன்மை தீமை தெரியும். தானத்தில் பாத்திரம் அறிய வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இங்கே அப்படியே பொருந்துகிறது.

சில சமயம் சரியான எண்ணைப் படித்தும் போதாமல் போகிறது. 2010 அக்டோபரில் டொயோட்டா அமெரிக்காவில் மட்டும் சுமார் 7,40,000 கார்களைத் திரும்ப அழைத்தது. தன் சொந்தப் பிரேக் ஆயிலுக்குப் பதிலாக, குறிப்பிட்ட பாலிமர்கள் இல்லாத வேறு ஆயிலை ஊற்றினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீலில் ஒரு பகுதி உலர்ந்து சுருண்டு, திரவம் மெல்லக் கசியலாம் என்பது காரணம். அங்கே பிழை ஊற்றிய கையில் இல்லை. எல்லா ஆயிலையும் தாங்கும்படி சீலை வடிவமைக்காதவர்களிடம் இருந்தது. அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் பொறுப்பும் அவர்களையே சேர்ந்தது. அறிய முடிந்ததை அறியாமல் விட்டவருக்கும், அறிய வழியே இல்லாதவருக்கும் உள்ள தூரம் இந்த ஒரு சம்பவத்தில் துல்லியமாகத் தெரிகிறது. கத்தோலிக்க அற நூல்கள் வெல்ல முடிந்த அறியாமை, வெல்ல முடியாத அறியாமை என்று பிரித்ததும் இந்தத் தூரத்தைத்தான். முன்னது பழியைக் கழுவாது, பின்னது கழுவும்.

கடவுள் மேல் வைக்கும் நம்பிக்கை இந்தக் கடமையைக் குறைக்கிறதா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பவா, அவிழ்த்து விட்டு நம்பவா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பு என்று நபிகள் நாயகம் சொன்னதாகத் திர்மிதியின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. விவிலியத்தின் உபாகமம் 22-ம் அதிகாரம், புது வீடு கட்டுகிறவர் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும் என்கிறது. யாராவது விழுந்தால் அந்த ரத்தப் பழி வீட்டின்மேல் வரும். யாரும் விழுவதற்கு முன்பே சுவர் எழ வேண்டும் என்பதுதான் அந்தக் கட்டளையின் உயிர். தமிழ்நாட்டில் ஆயுத பூஜையன்று ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுக்குகிறார்கள். கருவியைத் தெய்வமாகக் காணும் அந்தப் பார்வை மிக உயர்ந்தது. அதை உண்மையாகக் கொண்டால், வருடத்தின் மற்ற நாட்களில் சீல் உடைத்துப் பாதி தீர்ந்த பழைய டப்பாவைப் பிரேக் தொட்டியில் கவிழ்க்க மனம் வராது. ஈரம் குடித்த அந்தத் திரவத்தை ஊற்றுவது, பூஜை செய்த கையாலேயே செய்யும் அவமதிப்பு.

பொறுப்பு மெக்கானிக்கோடு முடிவதும் இல்லை. பில்லில் பிரேக் ஆயில் வரியைப் பார்த்து "இது எதுக்கு, டாப்-அப் பண்ணினா போதாதா" என்று பேரம் பேசும் கார்க்காரர், கிளிஃபர்டின் கப்பல் முதலாளி உட்கார்ந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அளவு குறைந்திருந்தால் பேட் தேய்ந்திருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது என்று பொருள். மேலே ஊற்றி நிரப்புவது அந்தச் செய்தியை மறைத்துவிடும். கார்க்காரர் கேட்க வேண்டியவை மிகச் சில. மூடியிலோ கையேட்டிலோ சொன்ன ரகம்தானா? டப்பா இப்போதுதான் திறக்கப்பட்டதா? பழையதை முழுக்க வெளியேற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தார்களா? தேதி எழுதினார்களா? இந்தக் கேள்விகளை ஒரு நல்ல மெக்கானிக் அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார். தன் வேலையைப் புரிந்துகொண்ட ஒருவர் வந்திருக்கிறார் என்றே எடுத்துக்கொள்வார்.

ஒரு முடிச்சு மட்டும் அவிழாமல் நிற்கிறது. எல்லாவற்றையும் சரியாகச் செய்த மெக்கானிக்கின் வாடிக்கையாளர், வேறு எந்தக் காரணத்தாலோ சரிவில் இறந்துவிடுகிறார். அந்த மெக்கானிக்கை வினை பிணிக்காது என்று குந்தகுந்தர் விடுவிக்கிறார். 1976-ல் நேகலோடு சேர்ந்து விவாதித்த பெர்னார்ட் வில்லியம்ஸ் அங்கே தயங்குகிறார். அவருடைய லாரி ஓட்டுநர் எந்தத் தவறும் செய்யாதவர். ஆனாலும் தன் லாரியில் ஒரு குழந்தை அடிபட்டு இறந்த பிறகு, வேடிக்கை பார்த்தவர்களின் வருத்தத்தைவிட வேறான, தனக்கே உரிய ஒரு வேதனை அவருக்கு இருக்கும். அது இல்லாத ஓட்டுநரைக் கண்டால் நமக்கே சங்கடமாக இருக்கும் என்கிறார் வில்லியம்ஸ். இருவர் சொல்வதையும் சேர்த்தே ஏற்க முடியும். கவனமாக இருந்தவருக்குத் தண்டனை இல்லை, துக்கம் உண்டு. அந்த மெக்கானிக் தன் நோட்டைப் புரட்டி, எந்த ரகம், எந்தத் தேதி, எந்த டப்பா என்று பார்ப்பார். இறந்தவரின் வீட்டார் வந்து கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்ட அவரால் முடியும். கவனமில்லாமல் ஊற்றியவரிடம், விபத்தே நடக்காமல் போன கார்களுக்குக்கூட, அப்படி ஒரு பக்கம் இருக்காது.